இருபத்தைந்தாம் தேதி வரைக்கும்

முதல் வாரம்

பீடத்துணி ஊதாவுக்கு மாறியிருக்கிறது. பசுந்தழை வளையத்தில் நான்கு மெழுகுதிரிகளை நிறுத்தி, ஒன்றை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். திருவருகைக் காலத்து ஞாயிறுகளில் வானவர் கீதம் பாடுவதில்லை. கிறிஸ்துமஸ் இரவில் மணி முழங்க அதைப் பாட வேண்டும் என்பதற்காகத் திருச்சபை நான்கு வாரம் அந்தப் பாட்டை அடக்கி வைக்கிறது.

கோயிலை விட்டு வெளியே வந்தால், தூத்துக்குடியில் கிறிஸ்துமஸ் எப்போதோ தொடங்கிவிட்டது. பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் பிளம் கேக்குகளை அடுக்கியாயிற்று. பள்ளியில் ஒரு விழா, அலுவலகத்தில் ஒரு விழா, அன்பியத்தில் ஒரு கூட்டம், கேரல் பாட வருகிறவர்களுக்கு வீட்டுக்கு வீடு ஒரு தட்டு. எங்கே போனாலும் கேக் வெட்டுகிறார்கள். பல இடங்களில் பிரியாணியும் உண்டு. தீபாவளிப் பலகாரத்தின் ருசி நாக்கில் இருக்கும்போதே தொடங்குகிற இந்த வரிசை, பொங்கல் முடியும்வரை ஓயாது.

இத்தனை நல்ல தின்பண்டங்களுக்கு நடுவே அளவோடு இருப்பது எப்படி என்பதை இந்த மாதம் நிதானமாக யோசிக்க விரும்புகிறேன். உடல் எடையும் ரத்தச் சர்க்கரையும் இதில் சேர்ந்தவைதான். ஆனால் எனக்குள் அதைவிட ஆழமாக ஒரு கவலை இருக்கிறது. 25ஆம் தேதி மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்காரும்போது, பசியே இல்லாமல் உட்கார்வது எவ்வளவு பெரிய இழப்பு! ஒரு வருடமாகக் காத்திருந்த சாப்பாடு அது. அதன் ருசியை, முந்தைய நாள்களில் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாயில் போட்ட ஏதேதோ துண்டுகள் தின்று தீர்த்துவிடுகின்றன.

சமையலறை

இந்தப் பக்கத்துப் பலகாரங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறை வாசம் வரும்வரை வறுத்துத் திரிக்க வேண்டும். பாகில் தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சேர்த்து, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்து, அரிசிமாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் விட வேண்டும். அச்சு முறுக்குக்கு அச்சை முதலில் எண்ணெயிலேயே காயவைக்க வேண்டும். காயாத அச்சில் மாவு பிடிக்காது. கல்கலை முள்கரண்டியின் முதுகில் ஒவ்வொன்றாக உருட்டி வரி எடுக்க வேண்டும். மக்ரூனுக்கு முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, குறைந்த சூட்டில் நேரம் எடுத்துச் சுட வேண்டும். ஐரோப்பாவில் பாதாம் போடுகிற இடத்தில் எங்கள் ஊர் முந்திரியைப் போடுகிறது. சாத்தான்குளம் பக்கத்து முதலூரில் தேங்காய்ப்பாலில் கிண்டுகிற மஸ்கோத் அல்வாவும் இந்த மாதத்தில் வீடு வீடாக வந்து சேரும்.

இவற்றில் எதுவும் ஒரு கையால் ஆவதில்லை. அத்தை பாகுப்பதம் பார்க்க, மைனி உருண்டை பிடிக்க, பிள்ளைகள் எள்ளில் கல் பொறுக்க, ஒரு பகல் முழுவதும் போய்விடும். அந்தப் பகலில் பேசப்படுகிற பேச்சும் சிரிப்பும் பலகாரத்தோடு சேர்ந்தே டப்பாவுக்குள் போகின்றன.

ஆகவே இந்தப் பண்டங்களை விஷம் என்று திட்டி, அதன் வழியாக அடக்கம் பழக எனக்கு விருப்பமில்லை. அவை நல்லவை. கடவுள் தாம் படைத்ததையெல்லாம் பார்த்து நல்லது என்று கண்டதாகத் தொடக்கநூல் சொல்கிறது. அதை நம்புகிறவர்கள் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் பழித்துப் பேச முடியாது. பழித்துக்கொண்டே தின்பது இன்னும் மோசம். அதில் ருசியும் இல்லை, நன்றியும் இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. ஒரே பண்டத்தைத் தொடர்ந்து தின்றால் நாக்கு அதில் சீக்கிரம் அலுத்துவிடும். வேறொரு பண்டம் வந்தால் ஆசை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 1980களில் பார்பரா ரோல்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் இதைச் சோதனைகளில் காட்டினார்கள்: பல வகை உணவு கிடைத்தவர்கள், ஒரே வகை கிடைத்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். கிறிஸ்துமஸ் தட்டில் உப்பு, இனிப்பு, மொறுமொறுப்பு, மெதுமெது என்று எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முறுக்குத் தின்ற வாய் கேக் கேட்கிறது. கேக் தின்ற வாய் முறுக்குக் கேட்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு என் மனவுறுதியைப் பற்றிய வருத்தம் குறைந்தது. ஒரு வீட்டுத் தட்டில் ஒரு வகையை மட்டும் எடுப்பது என்பது எளிய வழி. எடுத்ததை மெதுவாகத் தின்றால், அதைச் செய்தவர் போட்ட ஏலக்காயின் அளவுகூடத் தெரிகிறது.

ஐந்து வழிகள்

யோபு நூலுக்கு நீண்ட விரிவுரை எழுதியவர் பெரிய கிரகோரியார். 604இல் மறைந்த திருத்தந்தை. பெருந்தீனி மனிதனை ஐந்து வழிகளில் பிடிக்கிறது என்று அதில் சொல்கிறார்: வேளைக்கு முந்தி உண்பது, உயர்ந்த பண்டங்களைத் தேடுவது, பக்குவத்தில் அதிக நுணுக்கம் கேட்பது, அளவு மீறுவது, ஆவேசத்தோடு உண்பது. ஒவ்வொன்றுக்கும் விவிலியத்திலிருந்து ஓர் ஆளைக் காட்டுகிறார். ஆவேசத்துக்கு அவர் காட்டுகிற ஆள் ஏசா. தலைமகன் உரிமையையே ஏசா விட்டுக்கொடுத்தது வெறும் பயற்றங்கூழுக்கு. அதில் நெய்யும் இல்லை, இறைச்சியும் இல்லை. எலியாவோ இறைச்சி உண்டார். அவருக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. ஆகவே பண்டத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்கிறார் கிரகோரியார்.

நாமெல்லாம் பெருந்தீனி என்றால் அளவு மீறுவதை மட்டும்தான் நினைக்கிறோம். ஐந்தில் அது ஒன்றுதான். வேளைக்கு முந்தி உண்பதற்கு அவர் யோனத்தானைக் காட்டுகிறார். போர் நடந்த நாளில், மாலைவரை யாரும் உண்ணக் கூடாது என்று சவுல் ஆணையிட்டிருந்தார். அதை அறியாத யோனத்தான் காட்டில் கண்ட தேனைக் கோலின் நுனியால் தொட்டு ருசித்தான். தொட்டது துளித் தேன். வேளை வருவதற்குள் அது வாய்க்குப் போய்விட்டது என்பதே அங்கே கேள்வியானது.

டிசம்பர் மாதத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்கிறேன். எங்கள் தெருவில் யாரும் ஒரே அமர்வில் அளவு மீறி உண்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்கிறோம். ஆனால் மாதம் முழுக்கத் தின்கிறோம், பண்டிகை வருவதற்குள் தின்கிறோம். கிரகோரியாரின் பட்டியலில் முதலில் நிற்பது நம்முடைய வழிதான்.

பழைய ஒருசந்தி

பண்டிகைக்கு முந்திய நாள்களை வெறும் வயிற்றோடு கடக்க வேண்டும் என்பது பழைய அறிவு. 5ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகரத்து ஆயர் பெர்பெத்துவஸ், நவம்பர் 11இல் வரும் புனித மார்ட்டின் திருநாள் தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பிருக்க ஒழுங்கு செய்தார். கீழைத் திருச்சபைகளில் நவம்பர் 15 முதல் டிசம்பர் 24 வரை 40 நாள் நோன்பு இன்றும் இருக்கிறது. அந்நாள்களில் இறைச்சி, பால், முட்டை விலக்குகிறார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் டிசம்பர் 1இல் தொடங்கி 25 நாள் நோன்பு பிடிக்கிறார்கள். போலந்தில் 24ஆம் தேதி மாலை வானில் முதல் விண்மீன் தெரிந்த பிறகே குடும்பம் மேசைக்கு வரும். அந்த விருந்தில்கூட இறைச்சி இராது.

ஜெர்மனியின் சாக்சனியில் திருவருகைக் காலத்தில் வெண்ணெய் விலக்கு இருந்தது. டிரெஸ்டனின் ஸ்டோலன் ரொட்டியை அங்கே எண்ணெயில் செய்துவந்தார்கள்; ருசி சப்பென்று இருந்ததாம். அந்நாட்டு இளவரசர்கள் ரோமுக்கு விண்ணப்பித்து, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்டாம் இன்னசென்ட்டிடமிருந்து வெண்ணெய்க்கு அனுமதிக் கடிதம் பெற்றார்கள். ருசிக்கும் விரதத்துக்கும் நடக்கிற இழுபறி நமக்குப் புதிதாக வந்ததில்லை என்பது ஆறுதலாக இருக்கிறது.

நம் திருச்சபையிலும் 1917இன் சட்டத் தொகுப்பின்படி கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் ஒருசந்தியும் (ஒரு வேளை மட்டும் முழுச்சாப்பாடு) சுத்தபோசனமும் (இறைச்சி விலக்கு) கடன். 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் திருத்தினார். இப்போது ஒருசந்தி என்று கட்டளையாக இருப்பவை திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். மற்ற நாள்களை விசுவாசிகளின் மனசாட்சிக்கு விட்டிருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். பயத்தால் பட்டினி கிடப்பதைவிட அன்பினால் காத்திருப்பது மேல். ஆனால் விதி விட்டுச் சென்ற இடத்தில் நாம் எதையும் வைக்கவில்லை; கடைகள் தங்கள் நாள்காட்டியை அங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டன. நவம்பரிலேயே கேக் முன்பதிவு தொடங்குகிறது. காத்திருக்கச் சொல்கிற குரல் பீடத்திலிருந்து மட்டும்தான் வருகிறது. அந்தக் குரலுக்கு நம் சமையலறையிலும் ஓர் இடம் கொடுக்க வேண்டும். 24ஆம் தேதி ஒருசந்தியை யாரும் கட்டளையிடாமலே நாம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வேளை மட்டும் முழுச்சாப்பாடு, அதிலும் கறி மீன் இல்லை. அடுப்பில் மறுநாளுக்கான மசாலா வதங்கும்போது அந்த வாசத்தின் நடுவே பசித்திருப்பது, பாலனின் பிறப்புக்கு நம் உடம்பும் சேர்ந்து காத்திருப்பதாகும்.

உடம்பு

உடம்பைப் பற்றித் தெரிந்த சில உண்மைகள் இந்தப் போராட்டத்தில் கைகொடுக்கின்றன.

2000இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஜாக் யனோவ்ஸ்கியும் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 195 பேரின் எடையைத் தொடர்ந்து பார்த்ததில், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையான பண்டிகைக் காலத்தில் சராசரியாகக் கூடியது 0.37 கிலோ. பலர் பயப்படுகிற அளவுக்கு இது பெரிதில்லை. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அந்த எடை இறங்கவும் இல்லை. ஒரு டிசம்பரின் மிச்சத்தை நாம் அடுத்த டிசம்பருக்குச் சுமந்துகொண்டு போகிறோம். பீதி வேண்டாம், அசட்டையும் வேண்டாம் என்று இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற சுரப்பு, நாம் வழக்கமாக உண்ணும் வேளைகளை ஒட்டி ஏறுகிறது. உண்ணாவிட்டாலும் சற்று நேரத்தில் இறங்கிவிடுகிறது. ஆகவே மாலை நாலு மணிக்குத் தினமும் பலகார டப்பாவைத் திறந்தால், நாலு மணிக்குப் பசிக்க உடம்பு கற்றுக்கொள்ளும். திறக்காமல் இருந்தால் அதையும் கற்றுக்கொள்ளும். கடும் ஆசை வரும் நேரத்தில், இது தானாகத் தணியும் என்று தெரிந்திருப்பதே பாதி பலம். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டவும் ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும் என்பார்கள். முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் நடுவே பேச்சுக்கு இடம் விடுவது நல்லது.

சர்க்கரையும் கொழுப்பும் ஒன்றாகச் சேர்ந்த உணவு இயற்கையில் அரிது. தாய்ப்பாலில் இரண்டும் உண்டு. பிளம் கேக்கிலும் கல்கலிலும் மஸ்கோத்திலும் அந்தச் சேர்க்கை பல மடங்கு செறிந்து வருகிறது. அதைக் கண்டு நாம் இளகுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறந்த நாளிலிருந்தே அந்தச் சுவையை அறிந்திருக்கிறோம்.

ஐ.சி.எம்.ஆர். துணையோடு நடந்து 2023இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் கணித்தது. எங்கள் உறவில் சர்க்கரை மாத்திரை இல்லாத வீடு அரிது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழலாம். மருத்துவரைக் கேட்காமல் ஒருசந்தி பிடிக்க வேண்டாம். நோயாளிகளைத் திருச்சபையே அந்தக் கடமையிலிருந்து விடுவித்திருக்கிறது. காய்கறியையும் கறியையும் முதலில் உண்டு, சோற்றைப் பிறகு எடுத்து, சாப்பிட்டபின் கொஞ்சம் நடந்துவருவது அவர்களுக்கு ஏற்ற காணிக்கை.

நீட்டிய தட்டு

கடையில் வாங்காமல் இருப்பது எளிது. அன்போடு நீட்டிய தட்டைத் தாண்டுவதுதான் கடினம்.

"என்ன மைனி, ஒண்ணுகூட எடுக்க மாட்டியளா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பகல் முழுக்க அடுப்படியில் நின்ற கால்கள் இருக்கின்றன. 'நான் டயட்' என்று சொல்லி முகத்தைத் திருப்பினால், நாம் மறுப்பது பலகாரத்தை மட்டுமா?

4ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் காசியன் எகிப்துக்குப் போய், அங்கிருந்த துறவிகளிடம் பழகி, கண்டதையெல்லாம் பிறகு எழுதினார். விருந்தினர் வந்தால் அந்தத் துறவிகள் அன்றைய நோன்பை விட்டுவிட்டு அவர்களோடு உண்பார்கள். ஏன் என்று கேட்டபோது ஒரு முதியவர் விளக்கினார்: நோன்பு எப்போதும் என்னோடு இருக்கிறது, நீங்களோ போய்விடுவீர்கள், நோன்பு என் விருப்பம், அன்பு செய்வது எனக்குக் கட்டளை. இன்னொரு முதியவர் ஒரே நாளில் ஆறு முறை வெவ்வேறு விருந்தினருக்கு உணவு படைத்து, ஒவ்வொரு முறையும் அவர்களோடு உட்கார்ந்து உண்டார். ஆறாவது முறைக்குப் பிறகும் அவருக்குப் பசி இருந்தது. அவ்வளவு கொஞ்சமாக உண்டிருந்தார்.

அந்த ஆறு வேளையைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன். உடன் உண்பதும் குறைவாக உண்பதும் ஒருவரிடம் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி. யாரையும் புண்படுத்தவில்லை, எதையும் விளம்பரப்படுத்தவில்லை. மைனியின் கேள்விக்கு இப்படிச் சொல்லலாம்: "எடுக்காம இருப்பேனா? ஒண்ணு இங்க தின்னுக்கிடுதேன். மத்ததப் பொதிஞ்சு தாங்க, பண்டிகைக்கு வச்சிக்கிடுதேன்." சொன்னபடி வைக்கவும் வேண்டும்.

கொடுக்கிறவருக்கும் ஒரு நோன்பு உண்டு. நம் ஊரில் உபசரிப்பு என்பது வற்புறுத்தலாக மாறிவிட்டது. வேண்டாம் என்றவரின் தட்டில் இன்னொன்றை வைப்பதை அன்பு என்று நினைக்கிறோம். அவர் வீட்டில் மாத்திரை எண்ணி வைத்திருக்கலாம். ஒரு தடவை கேட்பது போதும். பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் சுண்டலையோ கொய்யாப்பழத் துண்டுகளையோ வைத்து, இனிப்பில்லாத சுக்குக் காப்பியும் கொடுத்தால், அளவோடு இருக்க நினைக்கிறவர்கள் நம் வீட்டில் நிம்மதியாக உட்கார்வார்கள்.

தனியாக

பகலில் பலர் முன்னால் அடக்கமாக இருந்துவிடலாம். எல்லோரும் படுத்தபின் டப்பா மூடி திறக்கிற நேரம் வேறு.

அந்த நேரத்துப் பசி வயிற்றிலிருந்து வருவதில்லை. டிசம்பர் மகிழ்ச்சியின் மாதம் என்று ஊர் முழுக்கச் சொல்கிறது. அதே மாதத்தில்தான் இல்லாதவர்களின் இடம் மிகப் பெரிதாகத் தெரிகிறது. மகன் வளைகுடாவில் இருக்கிறான், விடுமுறை கிடைக்கவில்லை. பாகுப்பதம் பார்த்த கை இந்த வருடம் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அந்த வெறுமைக்கு மக்ரூன் கொஞ்ச நேரம் மருந்தாகத் தெரிகிறது. தெரிவதில் குற்றமில்லை. ஆனால் அழ வேண்டியதைத் தின்று மறைத்தால், துக்கம் அப்படியே இருந்துவிடும், டப்பா மட்டும் காலியாகும்.

அப்படிப்பட்ட இரவில் தட்டுக்குப் பதிலாகத் தொலைபேசியை எடுக்கலாம். வளைகுடாவில் அப்போது நேரம் நம்மைவிடப் பின்தங்கித்தான் இருக்கும், மகன் விழித்திருப்பான். இறந்தவர்களின் பெயரைச் சொல்லி ஒரு மன்றாட்டுச் செய்யலாம். எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் மனிதனை அலைக்கழிக்கும் எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்டபோது பெருந்தீனியை முதலில் வைத்தார். துயரமும் அந்த எட்டில் ஒன்று. இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. அவை அடிக்கடி கைகோத்து வருகின்றன.

அவரவர் அளவு

அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் புத்தகத்தில் உணவோடு தமக்கு இருந்த போராட்டத்தைத் திறந்து எழுதுகிறார். உடலுறவை ஒரே முடிவாக விட்டுவிட முடிந்தது. உணவை அப்படி விட முடியாது. உயிர் வாழத் தினமும் உண்ண வேண்டும். தேவை முடிந்து ஆசை தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வளவு பெரிய மனிதர் ஆயராக இருந்துகொண்டு இதை எழுதினார் என்பது என்னைத் தாங்குகிறது. இந்தப் போராட்டத்தில் இறுதி வெற்றி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வேளையும் புதிதாகத் தொடங்க வேண்டும். நேற்றுத் தடுமாறியவருக்கும் இன்று ஒரு வேளை இருக்கிறது.

எல்லோருக்கும் ஒரே அளவு சொல்ல முடியாது என்று காசியன் கருதினார். உடம்பும் வயதும் வேறு வேறு. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்து ஒழுங்கில் இரண்டு சமைத்த பதார்த்தம், ஒரு ராத்தல் ரொட்டி என்று அளவு வைத்தார். ஒன்று ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதை உண்ணட்டும் என்பதற்காகவே இரண்டு. வேலை கடினமாக இருந்த நாளில் கூட்டிக் கொடுக்கவும் இடம் வைத்தார். கண்டிப்புக்குள் இப்படி ஒரு கருணை இருந்தால்தான் அது நிலைக்கும்.

நம் வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் இதைத்தான் கேட்கிறார்: முன்பு உண்டது செரித்ததை அறிந்துகொள், நன்றாகப் பசித்தபின் உண். பசித்து உண்பதே உணவுக்குச் செய்கிற மரியாதை என்பதைப் பாலைவனத் துறவியும் குறள் எழுதியவரும் தனித்தனியே கண்டிருக்கிறார்கள்.

பண்டிகை நாள்

1223இல் கிரேச்சோ ஊரில் குடில் அமைத்து கிறிஸ்துமஸ் கொண்டாடிய புனித பிரான்சிஸ் அசிசியார், தம் உடம்பைக் கடுமையாக ஒறுத்தவர். அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். கிறிஸ்துமஸ் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று இறைச்சி உண்பதா கூடாதா என்ற பேச்சு வந்தபோது, இந்த நாளில் சுவர்களுக்குக்கூட இறைச்சி கொடுக்க வேண்டும், அவற்றால் உண்ண முடியாவிட்டால் மேலே தடவவாவது வேண்டும் என்றாராம் அசிசியார். அன்று ஏழைகளின் வயிற்றைச் செல்வர்கள் நிரப்ப வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிட அதிகம் தீவனம் வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

நோன்பை நன்றாக அறிந்தவருக்குத்தான் விருந்தும் இவ்வளவு நன்றாகத் தெரிகிறது. 25ஆம் தேதி காலையில் ஆப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும், மத்தியானம் பிரியாணி. அன்று கணக்குப் பார்த்து முகம் சுளிப்பது பிறந்த பாலனுக்கும் சமைத்தவர்களுக்கும் செய்கிற அவமரியாதை. உடம்பு அனுமதிக்கிறவர்கள் உட்கார்ந்து, பேசி, நிறைவாக உண்ண வேண்டும். மாதம் முழுக்கக் காத்திருந்த வாய்க்கு முதல் கவளம் என்ன ருசியாக இருக்கும் என்பதை, காத்திருந்தவர்கள் மட்டுமே அறிவார்கள்.

மிச்சம்

26ஆம் தேதிக்குப் பிறகு டப்பாக்கள் பாதி நிறைந்திருக்கும். வீணாகக் கூடாதே என்று தின்பதும் ஒரு சபலம்தான். நம் வயிறும் வீணாகும் இடமாகிவிடக் கூடாது.

5ஆம் நூற்றாண்டில் ரோமில் போப் பெரிய லியோ, டிசம்பர் மாத நோன்பை ஒட்டி ஆற்றிய மறையுரைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது ஒன்றுதான்: நாம் விலக்கிய உணவு ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அது சிக்கனமே தவிர நோன்பு ஆகாது. எசாயா 58ஆம் அதிகாரமும் பசித்தவரோடு உணவைப் பகிர்வதைத்தான் நோன்பு என்கிறது.

இதை வைத்து இந்த மாதத்துக்கு ஓர் ஒழுங்கு எழுதிக்கொள்கிறேன். செய்கிற பலகாரத்தில் முதல் பங்கு வெளியே போகும்: தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நமக்குத் தட்டு அனுப்பிய வீடுகளுக்கு, உப்பளத்தில் வேலை பார்க்கிற குடும்பங்களுக்கு, முதியோர் இல்லத்துக்கு. மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தர்மமில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய அன்றே, புதிதாக இருக்கும்போதே கொடுக்க வேண்டும். இரண்டாம் பங்கு 25ஆம் தேதிக்கு. இடைப்பட்ட நாள்களில் யாராவது நீட்டினால் ஒன்று, அவரோடு உட்கார்ந்து. தனியாக இருக்கும்போது டப்பா மூடியே இருக்கும். 24ஆம் தேதி ஒருசந்தி.

இது முழுவதும் கைகூடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் பசியோடு ஒரு பண்டிகைக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைகளும் ஒரு தடவை அறிய வேண்டும் என்று உறுதியாக விரும்புகிறேன். டிசம்பர் முழுக்கத் தின்னக் கொடுத்து வளர்த்தால் அவர்களுக்குப் பலகாரம் கிடைக்கும், பண்டிகை கிடைக்காது. இரண்டையும் அவர்களுக்குக் கொடுக்க நமக்கு வேண்டியது கொஞ்சம் பொறுமைதான்.